பானெட் மேல் தேக்சா

மோகனா விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். இப்போது தனியாகவே ஓட்டுகிறாள். பெற்ற அப்பா காசிநாதன் நம்பினால்தானே! "பக்கத்துல வாத்தியார் குந்திகினு ஓட்டறாரு. நம்ம பொண்ணு சும்மா வேடிக்கை பாக்குது" என்று ஆம்பூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன முறை அவள் கணவன் சூரியபிரகாஷ் எடுத்த படங்களும் அவர் கட்சிக்கே சாதகமாகப் போயின. கானல் ஆடியதில் விமானமே நெளிந்து கிடந்தது. உள்ளே ஒருவரா இருவரா, யார் கண்டது? மோகனா போனில் அழுதேவிட்டாள். "அப்பா வாயடைக்கற மாதிரி ஒரே ஒரு படம் எடுங்க." கட்டியவள் அழுவதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா?

தோஸ்த் தபரேஸிடம் பெரிய லென்ஸை இரவல் வாங்கினான். பயிற்சிப் பள்ளியில் அனுமதியும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதை வேலியோரம் காரை நிறுத்தினான். வெயில் ஏறுவதற்குள் வந்திருக்க வேண்டும். தம் மூடியை உடைத்துச் சுடச்சுட வாங்காமல் நகர மாட்டேன் என்று மாமனார் பிரியாணிக் கடை வாசலிலேயே நின்றால் யார் என்ன செய்வது?

"ஆறிடப் போவுது மாப்ள" என்று பிரியாணி நிரம்பிய தேக்சாப் பாத்திரத்தைக் கார் பானெட் மேலேயே வைத்தார். இன்ஜின் சூடு வீணாகக் கூடாதாம். பானெட்டுக்கு இந்தப் பக்கம், தேக்சாவுக்கு மேலாக லென்ஸ் பார்க்கும்படி கேமரா ஸ்டாண்டை நிறுத்தினான் சூரியபிரகாஷ்.

மோகனாவின் வெள்ளை விமானம் வந்து, சக்கரம் தரையைத் தொட்டு, மறுபடி எழும்பியது. படபடவென்று எடுத்துத் தள்ளினான். பார்த்தால் அதே நெளிசல்!

மாமனார் எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ள, பொண்ணு கெணத்துக்குள்ள ஓட்டுதா?"

இன்னும் ஒரே சுற்றுதான், அப்புறம் போய்விடுவாள். பாழாய்ப்போன வெயிலைத் திட்டிக்கொண்டே லென்ஸில் கண் வைத்தான். தூரத்து மலை ஆடியது. எதிரே புல்லில் நட்டிருந்த வேலிக்கல்லும் ஆடியது. பக்கத்தில் இருப்பது ஏன் ஆட வேண்டும்?

அப்போதுதான் உறைத்தது. ஷூ கம்பெனியில் அவனுக்குத் தோல் சுருக்கத்தைச் சூடுகாற்று மெஷினில் எடுக்கிற வேலை. மெஷினுக்கு மேலாகப் பார்த்தால் எதிர்ச்சுவர்க் கடிகாரம் இப்படித்தான் ஆடும். பாவம், கடிகாரம் என்ன செய்யும்?

"ஐயோ மாமா! படத்த ஆட்டறது வெயில் மட்டும் இல்ல, உங்க பிரியாணி சூடும்தான்!"

ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாகவே ஓடுபாதையின் முனைக்கு ஓடினான். அங்கே வெறும் பச்சைப் புல். விமானம் தார் ஓடுபாதையில் இறங்கிவிட்டால் மறுபடி கானல். மேலே இருக்கும்போதே, பக்கத்தில் வரும்போதே பிடித்துவிட வேண்டும். மாமனார் தேக்சாவை விடாமல் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அத்த அங்க வையுங்க மாமா, கிட்ட வராதீங்க!"

விமானம் லேசாகச் சாய்ந்து திரும்பியது. எடுத்தான்.

படம் பளிச்சென்று வந்திருந்தது. காதில் ஹெட்போனோடு மோகனா, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. காசிநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் விரல் மகளின் பக்கத்து சீட்டில் போய் நின்றது.

"வாத்தியார் எங்க மாப்ள?"

"வரல மாமா. அவ மட்டும்தான்."

அவர் சட்டென்று போனை எடுத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "அமிர்தம், நம்ம பொண்ணு ஒண்டியா ஓட்டுதுடி! ஒண்டியா!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

புல்லில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.