ஸ்பீக்கர் வாங்கப் போன நாள்

ஐந்துசந்திக்குக் கிட்ட இருந்த பாயிஸின் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றதும் கத்தரீனா முதலில் இறங்கினாள். இறங்குவதற்குச் சுலபமான வண்டி அல்ல அது. இருநூற்றைம்பது சீசீ. அகலமான இருக்கை, பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு தாங்கு, இரண்டு பக்கமும் பயணப் பெட்டிகள். கொழும்பில் வயதான ஒருவரிடமிருந்து அவள் கணவன் கிறிஸ்ரி அதை வாங்கி வந்து நாலு மாதம் ஆகிறது. சேலையோடு ஒருபக்கமாக உட்கார அதில் வழியில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாகக் கத்தரீனா பஞ்சாபி உடுப்புத் தைப்பித்து, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரப் பழகிக்கொண்டாள். குருநகர்ச் சனம் முதல் இரண்டு கிழமை நின்று பார்த்தது. பிறகு விட்டுவிட்டது.

குருநகர்க் கோயிலின் யாகப்பர் திருநாள் முடிந்த கையோடு இருவரும் புறப்படுவதாக இருந்தார்கள். மன்னார், மடு, புத்தளம், பிறகு மகள் இருக்கிற நீர்கொழும்பு, அங்கிருந்து கடற்கரையோரமாகவே காலி வரைக்கும். கலியாணம் முடித்து முப்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து மடுவைத் தாண்டிப் போனதில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு லீவு கிடையாது. கிறிஸ்ரி கடலை விட்டு ஐஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. இப்போதுதான் வருடத்தில் பத்து நாளாவது தன்னுடையது என்று சொல்ல முடிகிறது. இந்தப் பயணத்துக்குத் தேவையான எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே எண்ணம்தான், ஒன்றைத் தவிர. கிறிஸ்ரிக்கு வண்டியில் பாட்டு வேண்டும். அதுவும் கைபிடியில் இரண்டு பெரிய வட்ட ஸ்பீக்கர், பின்பெட்டிக்குள் இன்னும் இரண்டு. இரண்டு கிழமையாக அவன் தொலைபேசியில் அப்படிப்பட்ட வண்டிகளின் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கலியாண வான் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு மடு மாதாவிடம் போகத் தன்னால் முடியாது என்று கத்தரீனா சொல்லிவிட்டாள். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாமல் விடுவது அவளுக்குப் புதிதும் அல்ல.

பாயிஸ் இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாப்பாவோடு அவருடைய ஊருக்குத் திரும்பியவன். பெருநாளைக்குப் பள்ளிவாசலிலும் திருநாளுக்குக் கோயிலிலும் ஒலிபெருக்கி கட்டுகிறவன் அவன்தான். எவ்வளவு சனம் நின்றால் எவ்வளவு சத்தம் போதும் என்று கணக்குத் தெரிந்தவன் என்ற பேர் அவனுக்கு இருந்தது. கிறிஸ்ரி கேட்ட ஸ்பீக்கர்களை மறுபேச்சில்லாமல் எடுத்து மேசையில் வைத்தான். ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, விற்கிறவன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னான்.

“அண்ணை, அறுபதிலை போகேக்கை காத்துத்தான் முழுச் சத்தத்தையும் தின்னும். உங்களுக்குக் கேக்கிற அளவுக்குக் கூட்டினா றோட்டு முழுக்கக் கேக்கும். பின்னாலை இருக்கிற அக்காவுக்கு இரைச்சல்தான் மிஞ்சும்.”

அதற்குப் பதிலாக அவன் காட்டியது தலைக்குள் போடுகிற ஒரு சாமான். ஹெல்மெற்றின் உட்பக்கம் இரண்டு காதுக்கும் நேரே பிஸ்கட் அளவில் இரண்டு மெல்லிய ஸ்பீக்கர், வாய்க்கு முன்னால் ஒரு சின்ன மைக். பாட்டும் கேட்கலாம், ஓடுகிறவரும் பின்னால் இருக்கிறவரும் சத்தம் போடாமல் கதைத்துக்கொண்டும் போகலாம். கத்தரீனாவுக்குக் கேட்ட உடனேயே பிடித்துவிட்டது. வண்டியில் ஏறினால் அவள் கதைப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. தோளில் ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போகச் சொல்வது, இரண்டு தட்டினால் நிற்கச் சொல்வது, அவ்வளவுதான்.

“எனக்கு உது வேண்டாம். நான் கேட்டது ஸ்பீக்கர்” என்றான் கிறிஸ்ரி. குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

போட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று பாயிஸ் இருவரையும் கதிரையில் இருத்தி ஆளுக்கொரு ஹெல்மெற் கொடுத்தான். கத்தரீனா உடனே போட்டுக்கொண்டாள். கிறிஸ்ரி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் போட்டான். இரண்டு பக்கமும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாயிஸ் தன் தொலைபேசியில் ஒரு மணிச்சத்தம் வைத்திருந்தான். முதலில் ஒரு காதில் அடிக்கும், பிறகு மற்றக் காதில். எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கக் கையைத் தூக்கச் சொன்னான். கத்தரீனா விளையாட்டுப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் மாறி மாறித் தூக்கினாள். கிறிஸ்ரி வலது கையை மட்டும் தூக்கினான். இடது பக்க வயர் விட்டிருக்க வேண்டும் என்று பாயிஸ் அந்த ஹெல்மெற்றைத் தன் தலையில் போட்டுப் பார்த்தான். இரண்டு பக்கமும் துல்லியமாகக் கேட்டது. கத்தரீனாவின் ஹெல்மெற்றைக் கிறிஸ்ரிக்குக் கொடுத்தான். மறுபடியும் வலது கை மட்டும். ஒருமுறை இடது கையும் எழும்பியது. ஆனால் அந்த நேரம் மணி எந்தப் பக்கமும் அடிக்கவில்லை.

பாயிஸ் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான். பிளேன்ரீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

கத்தரீனா தன் கணவனைப் பார்த்தாள். ஹெல்மெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் எழும்பி அவனுடைய வலது பக்கத்துக் கதிரைக்கு மாறி உட்கார்ந்தாள். ஏன் அந்தப் பக்கம் மாறினாள் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது.

“எப்ப தொடக்கம்?”

“கடலை விட்ட வருசம் தெரிஞ்சது. அதுக்கு முந்தியும் இருந்திருக்கும். எஞ்சின் சத்தத்திலை ஆருக்குத் தெரியும்?”

இருபத்தேழு வருடம் படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் எஞ்சினின் பிடியைப் பிடித்தவன் அவன். அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் அது இரைந்துகொண்டிருந்தது. சொன்னால் செவிடன் என்று சொல்வார்கள் என்றும், வண்டி ஓட விடமாட்டாய் என்றும் பயந்தேன் என்றான். கைபிடியில் பெரிய ஸ்பீக்கர் பூட்டிவிட்டால், நீ சொன்னது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பயணம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்ததையும், தரையைப் பார்த்தபடி, ஒளிக்காமல் சொன்னான்.

கத்தரீனா எண்ணிப் பார்த்தாள். ஆறு வருடம். சாப்பாட்டு மேசையில் அவள் இருப்பது அவனுடைய இடது பக்கம். வண்டியில் அவள் சாய்ந்து கதைத்தது அவனுடைய இடது தோளுக்கு மேலால். அப்படி எண்ணிக்கொண்டு வந்த மனம் ஒரு நாளில் போய் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன், மார்பில் இருந்த கட்டிக்குச் சோதனை செய்து முடிவு வந்த நாள். கொக்குவில் பக்கம் ஒரு மருத்துவமனை. அவள் தனியத்தான் உள்ளே போனாள், அவன் வாசலில் பழைய வண்டியோடு நின்றான். பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். சனத்துக்கு நடுவில் சொல்ல விருப்பமில்லாமல், ரயில் கடவையைத் தாண்டிய பிறகு அவன் தோளில் தாடையை வைத்துச் சொன்னாள். அவன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நேரே சந்தைக்குப் போய், ஒரு முழுச் சீலா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தன் உயிர் பிழைத்த செய்தி இந்த மனுசனுக்கு ஒரு மீன் அளவுக்குக்கூடப் பெரிதில்லை என்று அன்றைக்கு நினைத்தவள், அந்த நினைப்பை இன்றுவரை யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.

அதை இப்போது கேட்டாள். கிறிஸ்ரி தலையை நிமிர்த்தினான்.

“நீ சொன்னனியோ?”

“கடவை தாண்டினவுடனை சொன்னனான்.”

“நீ அழுதுகொண்டு வந்தாய். பிறகு ஒண்டும் கதைக்கேல்லை எண்டு நான் நினைச்சன். எனக்குக் கேக்கப் பயமாக் கிடந்தது. உனக்குச் சீலா விருப்பம் எண்டுதான்…” அவன் ஹெல்மெற்றை மேசையில் வைத்தான். “அடுத்த நாள் விடிய மகளுக்கு எடுத்துக் கேட்டன். பயப்பிட ஒண்டுமில்லை எண்டாள். ஐஸ் அறைக்குப் பின்னாலை நிண்டு அழுதனான். மகளுக்குச் சொன்னவள் எனக்குச் சொல்லேல்லையே எண்டு எனக்கும் கோவம்.”

கத்தரீனாவுக்குக் கோபம் வரவேண்டும் போலிருந்தது. ஆறு வருடம் மறைத்திருக்கிறான். அதற்கு ஒருநாள் நிச்சயம் ஏசுவாள். ஆனால் அந்த ஒரு இரவு முழுவதும் அவள் சாகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு இவன் அந்த மீனின் நடுத்துண்டுகளைத் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் எடுத்து எடுத்து வைத்தது இப்போதுதான் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் அன்றைக்குத் தலையை மட்டும் சாப்பிட்டான்.

“ரண்டு வருசமா அந்தச் சீலாவோடை கோவமா இருந்திருக்கிறன்” என்றாள்.

“அது நல்ல மீன்” என்றான் கிறிஸ்ரி. முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பாயிஸ் மூன்று பிளேன்ரீயோடு வந்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாயிஸ் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அண்ணைக்கு ஒரு வேலை செய்து தரலாம் என்று சொன்னான். பாட்டில் வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மற்றப் பக்கமுமாகப் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாக்கி வலது காதுக்கே அனுப்பிவிட்டால் ஒன்றும் தவறிப்போகாது. வண்டியின் இடது பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் பெரிதாக மாற்றிக்கொள்வது நல்லது என்றும் சொன்னான். கிறிஸ்ரி ஒரு காலத்தில் விருப்பமாகக் கேட்ட பழைய பாட்டொன்றை அப்படிப் போட்டுக் கொடுத்தபோது, ஹெல்மெற்றுக்குள் இருந்த அவன் முகம் அசையாமல் நின்றது. இந்தப் பாட்டில் புல்லாங்குழல் இருந்ததை மறந்தே போனேன் என்றான். திங்கட்கிழமை காது டொக்டரிடம் போவது என்று கத்தரீனா அங்கேயே முடிவு செய்தாள். அவன் ஓம் என்றான். வட்ட ஸ்பீக்கர்களைப் பாயிஸ் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான்.

வெயில் தணியத் தொடங்கியிருந்தது. வாங்கியதைச் சோதித்துப் பார்க்கக் கீரிமலை வரை போய் வருவோம் என்று கிளம்பினார்கள். காங்கேசன்துறை வீதியில் ஏறினார்கள். கேட்கிறதா என்று அவன் ஒருதரம் கேட்டான், கேட்கிறது என்று அவள் சொன்னாள். சுன்னாகம் தாண்டிய பிறகு, இடப்பக்கம் ஒரு நாய் நிற்கிறது என்றாள். கண்டேன் என்றான். தெல்லிப்பழைப் பக்கம் யாரோ புது மதில் கட்டுகிறார்கள் என்றாள். அதற்கும் அவனிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவளுடைய சொல் ஒவ்வொன்றுக்கும் பதில் வந்துகொண்டிருந்தது. இடையில் அவன் மூச்சு விடுவது கேட்டது, தொண்டையைச் செருமுவது கேட்டது. மைக் இருப்பதை மறந்து ஏதோ முணுமுணுத்துப் பாடினான். சுருதி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவள் குறுக்கே கதைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். பாட்டை அவர்கள் போடவேயில்லை.

கீரிமலையில் வண்டியை நிறுத்தியதும், அலை எப்படி என்று பார்த்து வருகிறேன் என்று அவன் ஹெல்மெற்றோடேயே கடலை நோக்கி நடந்தான். கேணியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்தரீனாவும் தன்னுடையதைக் கழற்றாமல் வண்டியில் சாய்ந்து நின்றாள். அறுபது எழுபது மீற்றர் தூரத்தில், கற்களின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி நின்றான் அவன்.

“காற்சட்டை நனையப்போகுது” என்றாள், பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்வது போல மெல்ல.

தூரத்தில் அவன் திரும்பிப் பார்க்காமல் குனிந்து, முதலில் ஒரு காலை, பிறகு மற்றக் காலை, முழங்கால் வரை மடித்துவிடத் தொடங்கினான்.