ஏழு வரிசைப் புல்

கதிரவன் மேலைக் குன்றின் தோளில் சற்றே தயங்கி, இறங்கலாமா வேண்டாமா என்று எண்ணிப் பார்ப்பவன் போல நின்று, தன்னிடம் எஞ்சிய பொன்னொளியையெல்லாம் சரிவின்மேல் சாய்த்து ஊற்றிய வேனில் மாலை அது. நயம் அறிந்த நெஞ்சினரே, நீங்களும் சற்று நின்று அந்தச் சரிவைக் காணுங்கள். மேலே வெறும் பாறை. கீழே நெடுநாள் நோயாளர் படுத்திருக்கும் நீண்ட ஓட்டுக் கட்டடம். இரண்டுக்கும் நடுவே, இடுப்பளவு உயர்ந்து, கொத்துக் கொத்தாய்த் தனித்தனியே நின்று, காற்று வரும்போது மட்டும் ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் நிமிரும் காட்டுப்புல் தூறுகள் நாற்பது வரிசை. பச்சை என்பது மருந்துக்கும் இல்லை. ஆயினும் படுக்கையில் கிடந்தோர் பலர், கட்டில்களைச் சாளரத்தின் பக்கம் திருப்பச் சொல்லி, அந்தப் பழுப்புநிற அலைகளைப் பார்த்தபடியே கண்ணயர்ந்தார்கள்.

அந்த அலைகளை அங்கே கொண்டுவந்தவள் மருத்துவமனைத் தோட்டத்தில் பணிபுரிந்த ஒரு பெண். புல்லுக்காரி என்றே எல்லாரும் அவளை அழைத்தார்கள். முந்தைய மழைக்காலங்களில் சரிவு கரைந்து, சேறு கட்டடத்துக்குள் புகுந்து, நோயாளரின் செருப்புகள் கட்டிலுக்கடியில் படகுகளாய் மிதந்ததைக் கண்டு, சாலையோரங்களிலும் கைவிட்ட மேடுகளிலும் அலைந்து, அந்த மண்ணுக்கே உரிய புல்லின் விதைகளைப் புடவைத் தலைப்பில் முடிந்து வந்தாள். முளைக்க வைத்து, ஓராண்டு தொட்டியில் வளர்த்து, ஒரு தூறின் இடைவெளியை அடுத்த வரிசைத் தூறு மறைத்து நிற்குமாறு நட்டாள். கீழிறங்கும் நீர் எந்த வழியில் வந்தாலும் ஒரு தூறின் முன் நின்று வழி கேட்டாக வேண்டும். இவ்வாறு மூன்று ஆண்டுகள் அவள் தலையைக் கூட நேரே வாரிக்கொண்டதில்லை. புல்லைத்தான் விரலால் கோதினாள்.

மேற்பார்வையாளருக்கு இதில் நம்பிக்கை இல்லை. பாதையில் நின்று சரிவை அண்ணாந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"இங்க பாரும்மா, பாக்குறவங்க எல்லாம் இது என்ன வைக்கோல் போரான்னு கேக்குறாங்க. முதல் மழையில சேறு உள்ள வந்துச்சுன்னா, எல்லாத்தையும் பிடுங்கிட்டுச் சுவர் எழுப்பிடுவேன். அப்புறம் உனக்கும் இங்க வேலை இருக்காது."

"வராதுங்க," என்றாள் அவள்.

அவளுடைய கணவரும் அதே தோட்டத்தில்தான் பணிபுரிந்தார். நீர் ஊற்றுவது அவர் தொழில். இருபது ஆண்டுகளாகப் பூவாளியைச் சுமந்து சுமந்து வலத்தோள் சற்றே தாழ்ந்துவிட்ட மனிதர். வாடிய செடியைக் கண்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் கண்ணெதிரே, அவர் கைநீர் ஒரு துளியும் வேண்டாத நாற்பது வரிசைகள்! கோடையில் இந்தப் புல் உறங்கும், உறங்குவதை எழுப்பக் கூடாது என்று மனைவி எத்தனை முறை சொல்லியும், அவருடைய நெஞ்சு அதை ஒப்பவில்லை. காய்ந்த தூறுகளைக் கண்டு இரங்கினார். மனைவியின் முகம் நாளுக்கு நாள் வற்றுவதைக் கண்டு இன்னும் இரங்கினார். தமக்கு அங்கே வேலையே இல்லை என்பதும் உள்ளூர உறுத்திற்று. அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை.

நாம் காணும் அந்த மாலையில், புல்லுக்காரி கீழ்வரிசைத் தூறு ஒன்றின் முன் மண்டியிட்டு, உலர்ந்த தாள்களை விரல்களால் கோதி எடுத்துக்கொண்டிருந்தாள். உதிரவேண்டியது மட்டுமே உதிரும், உயிருள்ள தாள் பிடிவாதமாய் நிற்கும், அதுவே வழக்கம். அன்றோ, கைப்பிடி முழுவதும், சுவையில்லாத பேச்சிலிருந்து விலகும் விருந்தினர்போல, ஓசையின்றி அவள் கையோடு வந்துவிட்டது. அடி கறுத்திருந்தது. முகர்ந்தாள், புளித்த நாற்றம். அடுத்த தூறும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. சரிவின் அடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலிருந்த ஏழு வரிசைகளும் குருத்தழுகி நின்றன. ஈர மண்ணில் வட்ட வட்டமாய்ப் பூவாளியின் அடித்தடம் பதிந்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே நீரே பயிரைத் தின்றிருந்தது.

கணவர் பின்னால் வந்து நின்றதை அவள் திரும்பாமலே உணர்ந்தாள்.

"எத்தனை நாளா ஊத்துறீங்க?"

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி வந்து... ஒரு மாசமா," என்றார். "செத்துப் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"தூங்கிட்டிருந்ததைத் தண்ணி ஊத்திக் கொன்னுட்டீங்களே."

அவருடைய தாழ்ந்த வலத்தோள் இன்னும் தாழ்ந்தது. அவளுக்குச் சினம் பொங்கிற்று. கத்த வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அவருடைய கைகளைப் பார்த்தாள். வாளிப் பிடி அறுத்துக் காய்ப்பேறிய அந்தக் கைகள், எங்கே போவதென்று தெரியாமல் பக்கவாட்டில் தொங்கின. அவள் கத்தவில்லை; அழுதாள்.

மழைக்கு இன்னும் ஒரு திங்களே இருந்தது. சேற்றைக் கடைசியாகத் தடுத்து நிறுத்த வேண்டிய இடமோ அந்தக் கீழ் ஏழு வரிசைகள்தாம். மறுநாள் விடியலில் அவள் மேல்வரிசைகளில் பருத்த தூறுகளாய்த் தேர்ந்து தோண்டி எடுத்து, கணவர் முன் வைத்தாள்.

"இதை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பிய்க்கணும். கத்தி வேண்டாம். எங்க பிரியணும்னு அதுக்கே தெரியும். ஒண்ணை அங்கயே திருப்பி வெச்சுட்டு, மத்ததைக் கீழ நடணும்."

"இந்த வெயில்ல பொழைக்குமா?"

"வேர் அறுந்திருக்குல்ல, இப்பத்தான் இதுக்குத் தண்ணி வேணும். இருபது நாளைக்கு நீங்கதான் காப்பாத்தணும். இருபத்தொண்ணாம் நாள் நிறுத்திடணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து, ஒரே தூறை இரு பக்கமும் பற்றி இழுத்துப் பிரித்து, தாளைப் பாதியாய் நறுக்கி, நாள்தோறும் ஒரு வரிசையாக நட்டார்கள். பறித்த குழிகளைக் கண்ட மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, "என்னோட தப்புங்க, நான்தான் சரியா பாக்கல," என்று அவள் சொன்னாள். கணவர் வாய் திறக்க முயன்றார். அவள் அவர் காலை மிதித்தாள்.

இருபது நாள் கண்ணும் கருத்துமாய் ஊற்றினார். இருபத்தொன்றாம் நாள் வாளியைக் கவிழ்த்து வைத்தார். நெஞ்சினரே, ஊற்றிய நாள்களைவிட ஊற்றாத நாள்களே அவருக்குக் கடினமாயிருந்தன. வெறுங்கையராய் வரிசைகளினூடே நடந்தார். ஒரு தாள் சுருண்டால் குனிந்து அதை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். ஆயினும் தொட்டியின் பக்கம் திரும்பவில்லை.

பின்னொரு நண்பகலில் வானம் இருண்டு, சரிவே மறையும்படி மழை கொட்டிற்று. இருவரும் பாதையில் நனைந்தபடி நின்றார்கள். பாறையிலிருந்து செந்நிறமாய்ப் பாய்ந்த நீர், தூறுக்குத் தூறு தடுக்கப்பட்டு, வரிசைக்கு வரிசை தன் மண்ணை இறக்கி வைத்துவிட்டு, சுமை குறைந்த வழிப்போக்கன்போல மெல்ல இறங்கிற்று. கீழ் ஏழு வரிசைகளின் இளந்தூறுகள் நீருக்குள் தலைகுனிந்தன. இரண்டு மூன்று பெயர்ந்து மிதந்தன. கணவர் ஓடிச் சென்று அவற்றை மண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மற்றவை நின்றன. பாதைக்கு வந்து சேர்ந்தது ஒரு சாண் அகலச் சேறு மட்டுமே, படியைத் தொடவில்லை.

மழை ஓய்ந்ததும் மேற்பார்வையாளர் குடையை மடக்கியபடி வந்து, படியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார்.

"பரவால்லையே, வைக்கோல்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாளரங்களில் முகங்கள் நிறைந்திருந்தன. கணவர் பழக்கத்தால் பூவாளியை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டு, நனைந்து மினுங்கும் தூறுகளின் முன் என்ன செய்வதென்று விழித்து நின்றார். அவள் சேறு படிந்த இரு கைகளையும் குவித்து அவர்முன் நீட்டினாள்.

"இங்க ஊத்துங்க. அதுக்கெல்லாம் தாகம் தீர்ந்துடுச்சு. மூணு வருசமா எனக்குத்தான் தாகம்."

அவர் ஊற்றினார். நீர் முதலில் சேற்றைக் கழுவியது, பிறகு தெளிந்தது, பிறகு அவள் அதைக் குடித்தாள். அன்புடையார்க்கு அளிக்கும் கை எளிது, அடங்கும் கையே அரிது. அதைக் கற்றுக்கொள்ள ஏழு வரிசைப் புல்லை விலையாய்த் தந்த அந்த மனிதர், தாழ்ந்த தோளை இன்னும் சற்றுத் தாழ்த்தி, வாளி வெறுமையாகும் வரை ஊற்றிக்கொண்டே நின்றார்.