பத்து லட்சத்து ஒன்று

“இந்த நம்பர எதாலயும் வகுக்க முடியாது, மலரு. நைட் ஷிஃப்டுல உக்காந்துகினு போட்டுப் பாத்துட்டேன்.”

“எது வரைக்கும் போட்டீங்க?”

“நூறு வரைக்கும். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு தொண்ணூத்தேழு வரைக்கும். ஒண்ணுக்கும் மசியல. நாமளும் அப்படித்தான் இருக்கணும்.”

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம், நெய்வேலி பேருந்து நிலையத்தில், உள்ளங்கையில் 10,00,001 என்று எழுதிக் காட்டி அறிவழகன் சொன்னது அது. மலர்கொடி கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தவள். வர்க்கமூலம் வரை, அதாவது ஆயிரம் வரை பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். இந்த எண்ணுக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம். நூறின் கனமும் ஒன்றின் கனமும் சேர்ந்தது அது; நூறும் ஒன்றும் கூடிய நூற்றொன்றால் மீதமில்லாமல் வகுபடும். அவன் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண்ணே நூற்றொன்றுதான். வியர்வையில் மை கசிந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தபிறகு அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. “அழகா இருக்குங்க” என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு, பகலில் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, மாலையில் வடக்குத்து கிராமத்து வீட்டு முன்கொட்டகையில் டியூஷன் என்று ஆனது அவனுக்கு. வாசல் பலகையில் அந்த எண்ணையே பெரிதாக எழுதி, கீழே ‘உடையாத எண்’ என்று சேர்த்தான். பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். “மலரும் கணக்குதான படிச்சிருக்கு?” என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டபோது, “ஒரு வூட்டுக்கு ஒரு வாத்தியார் போதுங்க” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். அதன்பின் அவள் கேட்க நினைத்தது, சோறு போடும் நேரங்களில் எல்லாம் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று.

இன்று மகளைச் சேர்க்க வந்த சோமசுந்தரம், பலகையைப் பார்த்துக்கொண்டே செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சார், நூத்தியொண்ணுல போவுதே! ஒம்போதாயிரத்து தொள்ளாயிரத்து ஒண்ணு வருது. நூறு வரைக்கும் பாத்தேன்னு சொன்னீங்க. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டீங்களே சார்!”

பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்த மற்ற பெற்றோரும் சிரித்தார்கள். அறிவழகன் போனை வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தான். காது மடல் கறுத்துச் சிவந்தது. தேநீர்த் தட்டோடு வெளியே வந்த மலர்கொடியின் உதடு அந்த நேரத்தில்தான் விரிந்தது. ஒரு கணம்தான். அதற்குள் அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

எல்லோரும் போனதும் ஸ்டூலில் ஏறி, பழைய கத்தியால் எண்ணைச் சுரண்டத் தொடங்கினான். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியுங்க.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க கையில எழுதிக் காட்டுனப்பவே.”

அவன் இன்னும் அழுத்திச் சுரண்டினான். “அவங்க சிரிச்சத வுடு. நீ சிரிச்சியே, மலரு.”

அவளுக்கு முகம் எரிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்ததை இத்தனை காலமும் அன்பு என்றே நினைத்திருந்தாள். அன்பு மட்டும் என்றால் அவன் தலைகுனிந்த நேரத்தில் உள்ளே ஏன் அப்படி இனித்தது? மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். போனால் இனிப்புக்குக் காரணமானது உள்ளேயே கிடக்கும். இன்னொரு நாள் இன்னொரு சிரிப்பாக வெளியே வரும்.

“சிரிச்சது தப்புங்க” என்றாள். சிவப்புப் பெயின்ட் துகள்கள் அவள் தலையிலும் தோளிலும் உதிர்ந்தன. தட்டிவிடக் கையை எடுத்தால் ஸ்டூல் ஆடும். அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“பத்தாவது புள்ளைங்களுக்கு நான் கணக்கு எடுக்கணுங்க. இந்தக் கொட்டகையிலயே. ஒங்க பக்கத்துல நின்னு.”