கோழிக்குத் தோல் கொலுசு

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் ரிஜெக்ட். வைத்தது நான்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தையல் விலகியது, நிறம் மங்கியது, சுருக்கம் விழுந்தது என்று நாளெல்லாம் பொறுக்கி, ரிஜெக்ட் என்று ஓரம் போட்டுப் பழகிய கண், ஒருநாள் கம்பெனி கேட்டோரம் கிடந்த குட்டியின் மேல் விழுந்தது. ஒரு காது நிமிர்ந்திருந்தது, இன்னொன்று மடிந்திருந்தது. ஜோடி சேரவில்லை. வாயில் தானாக வந்த பெயர் அது. தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ராஜவேலுவும் அதே கம்பெனியில்தான், தோல் வெட்டுகிற கட்டிங்கில். அவருக்கு நாய் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். கோழியைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படாது, நான் உட்பட. போனில் நாட்டுக்கோழி வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, கொல்லையில் ஆறு கோழியும் ஒரு சேவலும் வளர்க்கிறார்.

"கோழி இருக்கற வூட்டுக்கு நாயா? உனக்கு இன்னா ஆச்சு யோகா?" என்றார்.

"பழக்கினா பழகிக்கும்," என்றேன்.

சொன்னபடி பழக்கவும் செய்தேன். வலைக்கு அந்தப் பக்கம் கோழிகள், இந்தப் பக்கம் கயிற்றில் நாய். கோழியை முறைத்தால் ஒன்றும் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒரு துண்டு அவித்த ஈரல். "விடு" என்றால் வாயில் இருப்பதைப் போட வேண்டும், அதற்கும் ஈரல். நாய்க்கு வயிறு நிறைந்த பிறகுதான் கூண்டைத் திறப்போம். குஞ்சு பொரித்திருந்தால் அந்தப் பக்கமே விடமாட்டோம். மழைக்காலம் முடிவதற்குள், ரிஜெக்ட் வெயிலில் படுத்திருக்க, கறுப்பி என்ற கோழி அதன் முதுகில் ஏறி நின்று இறகு கோதிக்கொண்டது. அதைப் போனில் படம் பிடித்து, கம்பெனியில் எங்கள் லைனில் எல்லோருக்கும் காட்டினேன்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மிரட்டி நிறுத்தினேன். கம்பெனி கேட்டில் வளர்ந்த குட்டியாதலால், வெட்டிப் போட்ட துண்டுத் தோலைக் கடித்துத்தான் அதற்குப் பல்லே முளைத்தது. தோல் வாயில் பட்டால் சுகத்தில் கண் சொருகிவிடும். "குரோம் மருந்து போட்ட தோல் வயித்துக்கு ஆவாதும்மா," என்று கால்நடை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அதன் கண்ணுக்குத் தோலே காட்டுவதில்லை. செருப்பைக்கூட அலமாரி மேல்தான் வைப்போம்.

பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்காவும் கோழி வளர்க்கிறார். இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரே குப்பையைக் கிளறும், சாயங்காலமானால் எது யாருடையது என்று பஞ்சாயத்து நடக்கும். இதற்கு ஊரில் எல்லோரும் கோழிக் காலில் ஒரு கலர் துணியைக் கட்டிவிட்டுப் போவார்கள். கட்டிங்கில் வேலை செய்கிறவர் துணி கட்டினால் கௌரவம் என்னாவது? என் வீட்டுக்காரர் துண்டுத் தோல் கடையில் ஆட்டுத்தோல் வாங்கிவந்து, வார் வாராக வெட்டி, ஓரம் மடித்து ஒட்டி, பட்டன் வைத்து, ஒவ்வொரு கோழிக்கும் ஒரு காலில் மாட்டிவிட்டார். அளவு அத்தனை கச்சிதம்.

"கொலுசு மாதிரி இல்ல?" என்றார். அழகாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன்.

மறுநாள் காலை கூண்டைத் திறந்ததும் ரிஜெக்ட் பாய்ந்தது. புள்ளிக்கோழியைக் கொல்லை முழுக்கத் துரத்தி, கவிழ்த்துப்போட்டு, காலைப் பிடித்துக்கொண்டது. "விடு" என்று கத்தினேன், விடவில்லை. துடைப்பத்தோடு அவர் ஓடிவந்த பிறகுதான் விட்டது. புள்ளி நொண்டிக்கொண்டு போய் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது. அடுத்த நாள் செவலைக் கோழிக்கு அதே கதி.

இதில் அவருக்குத் தாங்கமுடியாமல் போனது வேறொன்று. நசீமுன்னிசா அக்காவின் கோழிகள் நாயின் மூக்குக்கு நேரே நடந்துபோகும், அது தலையைக்கூடத் தூக்காது.

"நம்ம சோத்தத் துன்னுட்டு நம்ம கோழியக் கடிக்குது. பக்கத்து வூட்டுதத் தொடமாட்டேங்குது. எம்மேல இன்னா வன்மம் இதுக்கு?"

"எங்க கோழிங்களுக்கு மரியாத குடுக்குது, இன்னாத்துக்கு பேஜாராவற ராஜவேலு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

அவ்வளவுதான். ஒடுகத்தூரில் இருக்கும் தன் தாய்மாமா கோவிந்தசாமிக்குப் போன் போட்டுவிட்டார். மாமாவின் வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஸ்கூட்டர் ஹாரன் அடித்தாலே என் காலிடுக்கில் புகுந்துகொள்கிற நாய், பன்றி விரட்டப் போகிறதாம். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை, கடிபட்ட கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மாமா வந்தார். வாசலில் புதுச் செருப்பைக் கழற்றும்போதே, "வேலூர் பஜார்ல வாங்கினது. ஒரிஜினல் தோலு," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தோலிலேயே பிழைக்கிற வீட்டில் அதைச் சொல்லாவிட்டால் எப்படி?

"நான் பொய் சொல்லல மாமா, நீயே பாரு," என்று என் வீட்டுக்காரர் கூண்டைத் திறந்தார். கயிற்றை நான் கெட்டியாகப் பிடித்திருந்தேன். கடைசியாக ஒருமுறை என்று அவித்த ஈரலும் சோறும் தட்டில் வைத்திருந்தேன். ரிஜெக்ட் அதைத் தொடவில்லை. புள்ளி வெளியே வந்தது, கயிறு என் கையை அறுத்தது. செவலை வந்தது, மறுபடியும் இழுத்தது.

"பாத்தியா?" என்றார் அவர்.

அப்புறம் கறுப்பி வந்தது. நேராக நாயின் தட்டுக்கு வந்து சோற்றைக் கொத்தியது. ரிஜெக்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேவல் வந்தது, அதையும் கண்டுகொள்ளவில்லை.

நாளெல்லாம் ஒரே மாதிரி ஷூக்களுக்குள் வித்தியாசம் தேடுகிற கண் என்னுடையது. கறுப்பியின் கொலுசு கொஞ்சம் அதிகமாகப் பளபளத்தது. கயிற்றை மாமா கையில் கொடுத்துவிட்டுக் கறுப்பியைப் பிடித்தேன். பட்டனைக் கழற்றி, கட்டை விரலால் தேய்த்து, திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் துணி.

"ஏங்க, இது தோலே இல்ல, ரெக்சினு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "தோலு கம்மியாப் போச்சு. இதுக்கும் சேவலுக்கும் ரெக்சின்ல போட்டேன். கோழி காலத் திருப்பி எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்தேன்," என்றேன்.

புள்ளியின் கொலுசைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு மாமாவைக் கயிற்றை விடச் சொன்னேன். ரிஜெக்ட் கோழியைத் தாண்டிப் பாய்ந்தது. கொலுசைக் கவ்விக்கொண்டு அங்கேயே படுத்தது, கண் சொருகியது. புள்ளி நொண்டி நொண்டி வந்து அதன் வாலைக் கொத்தியது. வால் ஆடியது, வேறொன்றும் நடக்கவில்லை. ஈரல் துண்டை நீட்டி, "விடு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டது.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் கொலுசுகளைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். தப்பு என்று சொல்வார் என்று பார்த்தேன்.

"நல்ல தோலு. அதான் அதால வுடமுடியல," என்றார்.

சுவருக்கு மேலிருந்து நசீமுன்னிசா அக்கா ஒரு பழைய சிவப்புத் துணியைக் கிழித்து நீட்டினார். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

"அப்போ நாயி வருமா, வராதா?" என்றார் மாமா.

"வராது மாமா," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்க வேண்டும் என்று உள்ளே போனேன்.

சாப்பிட்டு முடித்து மாமா கிளம்பினார். ரிஜெக்ட் அவருக்கு முன்னால் வாசலுக்கு ஓடியது. அப்போதுதான் அந்தச் செருப்பு என் ஞாபகத்துக்கு வந்தது. மறந்துபோய்க் கீழேயே விட்டிருந்தோம். "விடு, விடு," என்று பின்னாலேயே ஓடினேன். ரிஜெக்ட் ஒரு செருப்பை மோந்தது, இன்னொன்றையும் மோந்தது. ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திரும்பிவந்து என் காலடியில் படுத்துக்கொண்டது.

"நல்ல வேள, கடிக்கல," என்று மாமா நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் குனிந்து, முதல் முறையாக, நாயின் மடிந்த காதைத் தடவிக்கொடுத்தார்.

"யோகா, நம்ம வூட்ல செக்கிங்குக்கு இன்னொரு ஆள் சேந்துடுச்சு," என்று மெதுவாகச் சொன்னார்.

மாமா தெருமுனை திரும்புகிற வரை இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம்.