புயல் கொடுத்த நாற்காலி

புதுக்கோட்டையில் ஓர் ஓட்டலின் மாடிக் கூடத்தில், புதிதாகச் சேர்ந்த மேனேஜர்களுக்கு பாலாஜி முன்னேறும் வழி சொல்லிக்கொண்டிருந்தான். பின்வரிசையில் அருணா முகம் சுளித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கஜா புயல் அடிச்சப்ப மூணு வருசச் சரக்க ஒரே மாசத்துல வித்தேன். எப்படி? ஒழைப்பு! திட்டம்!"

என்ன திட்டம்? அப்போது அவன் திருவரங்குளத்தில் கம்பெனியின் கூரைத் தகரக் கடைக்கு மேனேஜர். புயல் அடித்தபோது திருச்சியில் மாமனார் வீட்டில் இருந்தான். போனையும் அணைத்து வைத்திருந்தான். வீட்டுக்கூரை பறந்த சனங்கள் கடைவாசலில் முட்டிமோதி, லோடுமேன் பிச்சைமுத்துவை எழுப்பித் தகரம் வாங்கிப் போனார்கள். ஐந்தாம் நாள் வந்திறங்கியவனுக்கு மாதக் கடைசியில் ஏரியா மேனேஜர் பதவி.

அதே கம்பெனிக்கு ஆலங்குடியில் கொப்பரை வாங்கும் கிளையை அருணா நடத்தினாள். தோப்பு தோப்பாக அலைந்து வளர்த்த கிளை. தென்னையெல்லாம் வேரோடு சாய்ந்தபின் கொப்பரைக்கு எங்கே போவது? 'செயல்பாடு திருப்தியில்லை' என்று கடிதம் வந்தது. சம்பளத்தைக் குறைத்து, பாலாஜிக்குக் கீழேயே போட்டார்கள். ஐந்து வருடம் அவனுக்கு அறிக்கை தட்டிக் கொடுத்தாள். பிறகு, மறுபடி நட்ட தென்னை காய்க்கத் தொடங்கியதும், வேறு ஆள் கிடைக்காமல், கிளையைத் திரும்ப அவளிடமே கொடுத்தார்கள்.

இப்போது கொப்பரை விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. தகரக் கடைகளில் ஈ ஓட்டுகிறார்கள்.

முதலாளி குமரப்பன் மைக்கை வாங்கி, அருணாவை பாலாஜிக்கும் மேலே மண்டல மேனேஜராக அறிவித்தார். "எப்படிம்மா சாதிச்சீங்க? இவுகளுக்குச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சாதிக்கலைங்க. வெலை ஏறுச்சு. மரம் விழுந்தப்பவும் இதே வேலையத்தான் பாத்தேன்."

கூடம் சிரித்தது. அடக்கம் என்று நினைத்து முதலாளி கைதட்டினார். அவர்மீதும் அவளுக்கு மதிப்பு எஞ்சவில்லை.

சாப்பாட்டு வரிசையில் பாலாஜி பக்கத்தில் வந்து நின்றான்.

"இந்த வருசம் மார்க்கெட் எனக்குச் சரியில்ல மேடம். ஒங்களுக்கு லக்கு அடிச்சிருச்சு."

"நீங்க ஏறுனா ஒழைப்பு, நான் ஏறுனா லக்கா சார்?"

அவன் விளங்காமல் பல்லைக் காட்டினான். இவனிடமா இத்தனை வருடம் கைகட்டி நின்றோம் என்று அருணாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு ஆலங்குடி பஸ்ஸுக்கு நடந்தாள்.