போர்டில் யார் பெயர்?

மர்பி டவுனில் ஆஞ்சலா தன் பெயரிலேயே நடத்தும் கேக் கடைக்கு வாட்ஸ்அப்பில்தான் ஆர்டர் அதிகம். ஆறு மாதமாக அதற்குத் தானாகப் பதில் எழுதுவது ஒரு ஏஐ மெஷின். கடையின் ஆன்லைன் வேலைகளைப் பார்க்கும் சந்திரன் செய்துகொடுத்த ஏற்பாடு அது.

அன்று காலை அவள் கிரீம் அடித்துக்கொண்டிருந்தபோது சந்திரன் போனை நீட்டினான்.

"அக்கா, இதப் பாருங்க."

மமதா என்ற வாடிக்கையாளர் இன்ஸ்டாகிராமில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். 'பொண்ணுக்கு டெங்கு, ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். பர்த்டே கேக் வேண்டாம்' என்று அவர் எழுதியிருக்கிறார். 'சூப்பர்! பலூனும் சேர்த்துக்கலாமா?' என்று கடையிலிருந்து பதில் போயிருக்கிறது. கீழே ஊரே திட்டியிருந்தது.

"மெஷின் தப்புன்னு ஒரு போஸ்ட் போட்டுடலாம். கூடவே ஃப்ரீ கூப்பன் ஒண்ணு..." என்றான்.

"நம்ம போர்டுல யார் பேரு இருக்கு? மெஷின் பேரா?"

ஏப்ரனைக் கழற்றிவிட்டு மமதாவின் நம்பருக்கு ஆஞ்சலாவே கூப்பிட்டாள். எடுத்தது மமதாவின் கணவர். வரலாமா என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கி, எந்த வார்டு என்று சொன்னார்.

வார்டு வாசலில் மமதா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீடியோ எடுத்துப் போடணுமா?"

"போனையே கடையில வச்சிட்டு வந்துட்டேன் மேடம். நீங்க எழுதினத நான் படிச்சிருக்கணும். படிக்கல. தப்பு என்னோடது."

மமதா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழுதார். மூன்று நாளாகத் தூக்கமில்லை, பிளேட்லெட் இன்னும் ஏறவில்லை என்றார். ஆஞ்சலா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடைக்குத் திரும்பியதும் சந்திரனிடம் சொன்னாள்: "விலை என்ன, கடை எப்போ திறக்கும்னு கேட்டா மெஷின் சொல்லட்டும். வேற என்ன எழுதினாலும் எனக்கு வரணும்."

"தினம் நாப்பது அம்பது வரும்க்கா."

"வரட்டும். மனுஷங்கதானே எழுதறாங்க."

வேலை கூடியது. மாவுக் கையோடு போனை எடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரை நோயுள்ள மாமனாருக்கு என்ன கேக் செய்யலாம் என்று ஒருவர் கேட்டார். கேக்கில் மகன் பெயரைக் கன்னடத்தில் எழுத முடியுமா என்று இன்னொருவர். ஆஞ்சலாவுக்கு அலுக்கவே இல்லை.

பதினோராம் நாள் மமதாவே கூப்பிட்டார். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் கேக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். கேக்கைத் தானே எடுத்துக்கொண்டு ஆஞ்சலா கிளம்பினாள். போட்டோ எடுக்கக் கூடவே வருகிறேன் என்ற சந்திரனை, "அது அவங்க வீட்டு விசேஷம்பா" என்று நிறுத்திவிட்டாள்.

அல்சூரில் மூன்றாவது மாடி. கூடத்தில் அக்கம்பக்கத்தார் நிறைந்திருந்தார்கள். மமதா அவள் கையைப் பிடித்து நடுவில் கூட்டிப்போனார்.

"இவங்க நம்ம ஆஞ்சலா அக்கா," என்று கன்னடத்தில் எல்லோருக்கும் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கே வந்து என்கூட உட்கார்ந்திருந்தாங்க."

கேக் கடைக்காரர் என்று அவர் சொல்லவேயில்லை. ஆஞ்சலா நிமிர்ந்து நின்றாள்.