ஐந்தாம் நாள் சூடு

வெண்ணந்தூர்ப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த வேலுசாமிக்கு, மருமகள் அனிதா கால்நடை மருத்துவர் என்பதில் பெருமைதான். அதெல்லாம் ஊரார் முன்னால். பண்ணைக்குள் அவள் வாயைத் திறந்தால், "படிச்சதெல்லாம் பொஸ்தகத்துலயே இருக்கட்டும் அம்மிணி" என்று நடையைக் கட்டிவிடுவார். போன மே மாதம் ஒரே பகலில் அறுநூறு கோழிகள் வெயிலில் செத்தன. குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தவர், இன்னொரு தரம் இப்படி ஆனால் கொட்டகையைப் பிரித்துவிடுவேன் என்றார். சொன்னால் செய்கிற மனிதர்.

அதனால்தான், ஐப்பசியில் இரண்டாயிரம் குஞ்சுகள் வந்திறங்கியதும் அனிதா ஒரு கை பார்த்துவிடத் துணிந்தாள். ஐந்தாம் நாள், குஞ்சுகளை வழக்கத்தைவிடக் கூடுதல் சூட்டில் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும் என்றாள். மாமனார் தட்டில் இருந்த அவித்த முட்டையைக் காட்டித்தான் விளக்கினாள்.

"சூடு ஏறுனா இந்த வெள்ளைக்கரு மாதிரிதானுங்க மாமா, உடம்புக்குள்ள இருக்கற புரதமும் கெட்டிப்பட்டுப் போயிரும். அப்படி ஆகாமத் தாங்கிப் பிடிக்கறதுக்குன்னே சின்னச் சின்னப் புரதங்க இருக்குதுங்க. குஞ்சுலயே கொஞ்சம் சூடு பட்டுட்டா, பின்னால வெயிலடிக்கறப்ப அதுக சட்டுனு காவலுக்கு வந்துருமுங்க. உங்க கண்ணுல பொரை விழுந்ததுகூட வயசுல அந்தக் காவல் தளர்ந்ததாலதானுங்க."

"அப்ப என்னையும் குஞ்சுல வாட்டியிருக்கோணும்ங்கற" என்றவர், எப்படியோ தலையை ஆட்டிவிட்டார்.

எட்டுத் தகரத் தடுப்பு வட்டங்களில் குஞ்சுகளை விட்டு, சுற்றிலும் படுதா கட்டி, விளக்குகளைக் கூட்டினாள். குஞ்சுகளுக்கு மூச்சு வாங்கியது. கொட்டகை நடுவில் தொங்கவிட்ட தெர்மாமீட்டரை அவள் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டாள்.

மே வந்தது. வட்டத்துக்கு ஒரு வரிசையாகக் கூண்டேறிய கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் புகைந்தது. ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மின்விசிறி நின்றது, தண்ணீர் தெளிக்கும் குழாயும் நின்றது. வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. மாமனாரும் மருமகளும் குடத்தில் தண்ணீர் மொண்டு கூரையிலும் பக்கவாட்டில் தொங்கவிட்ட சாக்குகளிலும் ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்தார்கள். மாலை நாலரைக்குத்தான் கரண்ட் வந்தது.

செத்த கோழிகளை எடுத்து அடுக்கினார்கள். அறுபத்தொன்று. அனிதாவுக்கு மாமனார் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. கொட்டகையைப் பிரிக்கப்போகிறார் என்றே நினைத்தாள். பிறகுதான் உறைத்தது, அதில் ஐம்பத்தெட்டு ஒரே வரிசையில் செத்தவை. அதுவும் தண்ணீர்த் தொட்டி நிழல் விழுகிற, கொட்டகையிலேயே குளுமையான வரிசை. மற்ற ஏழு வரிசைகளிலும் சேர்த்து மூன்றே மூன்று. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேலுசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"அதுக மூலையில இருந்த எட்டாவது வட்டத்துக் குஞ்சுக தானே?"

"ஆமாங்க மாமா."

"அன்னைக்கு அந்த வட்டத்துல மட்டும் லைட்டு ரெண்டைக் கழட்டிட்டு, பின்பக்கத்துப் படுதாவத் தூக்கி உட்டுட்டேன் அம்மிணி. வாயப் பொளந்துக்கிட்டு நின்னுதுக, மனசு கேக்கல. தெர்மாமீட்டரு நடுவுல தானே தொங்குச்சு, உனக்குத் தெரியல. மறுநா வரைக்கும் அப்படியேதான் கெடந்துச்சு."

அனிதாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் ஓடியும் போனது. சூடு படாத வரிசைதான் செத்திருக்கிறது. சூடு பட்ட ஏழு வரிசையும் நிழல்கூட இல்லாமல் பிழைத்து, இதோ தொண்டை கிழியக் கத்துகின்றன. அவளே உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இத்தனை சுத்தமான சாட்சி கிடைத்திருக்காது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வேலுசாமி சிரிக்கவில்லை. அந்த ஐம்பத்தெட்டின் பக்கத்தில் குந்தி, ஒன்றின் கொண்டையைத் தடவிக்கொடுத்தார்.

"பாவம் பாக்கறேன்னு நாந்தான் கொன்னு போட்டேன்" என்றார். எழுந்தபோது குரல் மாறியிருந்தது. "அடுத்த லாட்டுக் குஞ்சுகள எப்ப எறக்கறாங்கன்னு போன் போட்டுக் கேளு அம்மிணி. அஞ்சாம் நாளு என்னைய ஊட்டுக்குள்ள உட்டுப் பூட்டிப்போடு."